கோழித் துண்டுக்குக் கை, குழம்புக்குப் பிஸ்டன்

வாசகர் கேள்வி – பதில்

சமைத்த உணவைப் பையில் நிரப்பும் இயந்திரங்கள் பற்றிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காரைக்குடியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவை. அது நியாயம்தான். எலும்போடு கூடிய கோழி, முழுதாக வெந்த சின்ன வெங்காயம், மேலே பிரிந்து நிற்கும் நல்லெண்ணெய், கையில் ஒட்டும் கவுனி அரிசி என்று நம் பக்கத்துச் சமையலில் அளந்து நிரப்பச் சிரமமான பொருட்களே அதிகம். நான் கோவையில் நிரப்பும் இயந்திரங்கள் செய்யும் பட்டறையில் பிட்டராக வேலை பார்த்தவன். இப்போது கோட்டையூரில் இருந்துகொண்டு சிறு உணவுத் தொழில் நடத்துபவர்களுக்கு இயந்திரம் பொருத்திக் கொடுக்கிறேன், பழுதும் பார்க்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊரை மட்டுமே போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் நாட்டுக்கோழிக் குழம்பு செய்து, 250 கிராம் பவுச்சில் அடைத்து, உறையவைத்து விற்கிறோம். இப்போது கரண்டியால்தான் ஊற்றுகிறோம். ஒரு பவுச்சில் நாலு துண்டு விழுகிறது, அடுத்ததில் இரண்டுதான். ஒன்றில் எண்ணெய் மிதக்கிறது, இன்னொன்றில் மசாலா திட்டாக நிற்கிறது. கண்காட்சியில் ஒரு பிஸ்டன் இயந்திரம் பார்த்தோம். தண்ணீரை வைத்து மளமளவென்று நிரப்பிக் காட்டினார்கள். வாங்கலாமா? – வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, தண்ணீரை நிரப்பிக் காட்டிய இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீரை எந்த இயந்திரமும் நிரப்பும். உங்கள் குழம்பை நிரப்புமா என்பதுதான் கேள்வி.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மேலே கூம்பு வடிவத் தொட்டி இருக்கும். அதை ஹாப்பர் என்பார்கள். அதன் அடியில் ஒரு வால்வு, வால்வை ஒட்டி ஒரு சிலிண்டர். பிஸ்டன் பின்னால் போகும்போது தொட்டியிலிருந்து குழம்பை உறிஞ்சும். வால்வு திரும்பியதும் அதே பிஸ்டன் முன்னால் வந்து, உறிஞ்சியதை நாசில் என்ற குழாய் முனை வழியாகப் பைக்குள் தள்ளும். சிலிண்டரின் குறுக்களவும் பிஸ்டன் நகரும் தூரமும்தான் அளவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்த இயந்திரம் எடை பார்ப்பதே இல்லை, கொள்ளளவைத்தான் பார்க்கிறது. நல்லெண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 920 கிராம்தான் இருக்கும். மசாலா கெட்டியாக உள்ள குழம்பு அதைவிடக் கனம். தொட்டியில் எண்ணெய் மேலேயும் மசாலா கீழேயும் பிரிந்து நின்றால், பிஸ்டன் ஒரே தூரம் நகர்ந்தாலும் முதல் பை ஓர் எடையிலும் கடைசிப் பை வேறோர் எடையிலும் வரும். ருசியும் அப்படித்தான் மாறும்.

அடுத்தது எலும்பு. வால்வு திரும்பும் இடம் கத்தரிக்கோல் போன்றது. அந்த நேரத்தில் கோழித் துண்டு வழியில் இருந்தால் இறைச்சி நசுங்கும், எலும்பு சில்லாக உடையும். நாட்டுக்கோழி எலும்பின் சில்லு கூர்மையானது. சாப்பிடுபவரின் தொண்டையைக் கிழிக்கும், அதற்கு முன்பே பவுச்சையும் குத்தி ஓட்டை போட்டுவிடும். "வால்வைப் பெரிதாக்கித் தருகிறோம், துண்டோடு போகும்" என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். எலும்பில்லாத சிறு துண்டுகளுக்கு அது சரி. எலும்போடு கூடிய துண்டுக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது, நிரப்புவதை இரண்டாகப் பிரிப்பது. துண்டைக் கையால் போடுங்கள், குழம்பைப் பிஸ்டன் ஊற்றட்டும். பையை ஒரு சிறு மின்தராசின் மேல் வைத்து 100 கிராம் துண்டு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 150 கிராம் குழம்பை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். இப்படிச் சொன்னதும் சமையல்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். துண்டையும் சாற்றையும் பிரித்தால் ருசி போய்விடும் என்பார்கள். பிரித்துச் சமைக்கச் சொல்லவில்லை. எப்போதும்போலச் சேர்த்தே கொதிக்க விடுங்கள். பதம் வந்து இறக்கிய பிறகு, பெரிய கண் உள்ள அரிகரண்டியால் துண்டுகளை மட்டும் எடுத்துவிட வேண்டும். இரண்டும் பைக்குள் மறுபடியும் சேர்ந்துவிடும். உறையும் வரையிலும் பிறகு சூடாக்கும்போதும் சாறு துண்டில் ஊறத்தான் செய்யும். எடுத்து வைத்த துண்டும் காத்திருக்கும் குழம்பும் 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிரப்பி முடித்த பைகளை உடனே குளிர்விக்க வேண்டும். வெதுவெதுப்பாக மேசையில் கிடக்கும் கோழி கிருமிகளுக்கு விருந்து.

இனி எண்ணெய். தொட்டிக்குள் மெதுவாகச் சுற்றும் கிளறி வேண்டும், அதன் ஓரத்தில் சுவரை வழிக்கும் பட்டையும் இருக்க வேண்டும். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். வேகமாகச் சுற்றினால் எண்ணெயும் நீரும் ஒன்றாக அடிபட்டு, குழம்பு வெளுத்துக் கெட்டிப்படும். மேலே சிவந்த எண்ணெய் தெளிந்து நிற்காத குழம்பை நம் ஊரில் யாரும் கோழிக்குழம்பு என்று ஏற்க மாட்டார்கள். கையில் பணம் இருந்தால் இன்னொரு நல்ல வழி உண்டு. பிரிந்து நிற்கும் எண்ணெயை முதலில் வழித்துத் தனிப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, ஒரு சின்னப் பம்பு மூலம் ஒவ்வொரு பைக்கும் அளந்து விடுவது. எல்லாப் பையிலும் ஒரே அளவு எண்ணெய் நிற்கும்.

நாசிலையும் கவனியுங்கள். தள்ளி முடித்ததும் முனையில் ஒரு சொட்டு தொங்கும். பை நகரும்போது அந்தச் சொட்டு வாய்ப்பகுதியில் விழுந்தால் போதும், அந்த இடத்தில் சீல் ஒட்டாது. பார்வைக்கு ஒட்டியதுபோல இருக்கும், பெட்டியில் அடுக்கி அழுத்தினால் பிரியும். ஆகவே தள்ளி முடித்ததும் முனையிலேயே அடைத்துக்கொள்ளும் நாசிலாகவோ, கடைசிச் சொட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் அமைப்பாகவோ கேளுங்கள். நாசில் பைக்குள் இறங்கி, நிரப்ப நிரப்ப மேலே எழும் வகை இன்னும் நல்லது. தெறிப்பே இருக்காது.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஓர் அண்டா குழம்பை, நீங்கள் நிரப்பும் அதே சூட்டில், அவர்கள் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு சமையற்கூடத்தைப் பிடித்துச் சமையுங்கள். ஆறிப்போன குழம்பு வேறு குழம்பு, அதை வைத்துப் பார்க்கும் சோதனை வீண். தொட்டி முழுதாக இருக்கும்போது தொடங்கி அடி தெரியும்வரை ஓட்டச் சொல்லுங்கள். பத்துப் பைக்கு ஒன்றை எடுத்து எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பை, நடுப்பை, கடைசிப் பை மூன்றையும் கண்ணாடிக் குவளைகளில் கொட்டி, தெளிந்ததும் எண்ணெய் உயரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்திருந்தால் பணம் கட்டலாம். ஒத்திராவிட்டால், "குழம்பைக் கொஞ்சம் கூழாக அரைத்துவிடுங்கள், மாவு சேர்த்துவிடுங்கள்" என்று அவர்கள் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். குழம்புக்கு ஏற்ற இயந்திரம் கிடைக்கும்வரை கரண்டியே நல்லது.

கேள்வி: மல்டிஹெட் வெயர் என்ற இயந்திரம் துண்டு துண்டாக உள்ள பொருளையும் துல்லியமாக நிறுத்துவிடும் என்கிறார்களே, எப்படி? பொறியியல் முடித்திருக்கிறேன். தந்தையாரின் உணவுத் தொழிலில் சேர்ந்திருக்கிறேன். – வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தம்பி, உணவுத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த இயந்திரத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானில் இஷிடா நிறுவனம் 1972ல் இதைக் கொண்டுவந்தது. அவர்கள் நிறுக்க வேண்டியிருந்த பொருள் குடைமிளகாய். ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடை, வெட்டவும் கூடாது, பையில் குறிப்பிட்ட எடையும் வர வேண்டும். நம்முடைய கோழித் துண்டின் சிக்கலும் இதேதான்.

வட்டமாகப் பத்துச் சிறு வாளிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எடையை உணரும் லோடுசெல் ஒன்றில் தொங்குகிறது. மேலே அதிரும் தட்டுகள் ஒவ்வொரு வாளியிலும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு எடையைப் போடும். ஏறக்குறையத்தான், துல்லியமாகப் போட வேண்டிய தேவையே இல்லை. 200 கிராம் வேண்டும் என்றால் வாளிகளில் 43, 51, 58, 47, 62, 39, 55, 66, 49, 53 கிராம் என்று விழுந்திருக்கலாம். உள்ளே இருக்கும் கணினி எந்தெந்த வாளிகளைச் சேர்த்தால் 200க்கு மிக அருகில் வரும் என்று கணக்குப் போடும். இங்கே 47, 49, 51, 53 நான்கும் சேர்ந்தால் சரியாக 200. அந்த நாலு வாளிகள் மட்டும் திறக்கும். மற்ற ஆறும் காத்திருக்கும், காலியான நாலும் மறுபடி நிரம்பும். பத்து வாளிகளை 1,023 விதமாகச் சேர்க்கலாம். பதினாலு வாளி என்றால் 16,383 விதம். எந்தத் துண்டையும் வெட்டாமல் எடை துல்லியமாவது இதனால்தான்.

ஆனால் வாளி திறந்ததும் பொருள் கீழே விழ வேண்டும். மசாலா தடவிய கோழி விழாது, ஒட்டிக்கொண்டு நிற்கும். ஐந்து கிராம் மசாலா வாளியிலேயே தங்கிவிட்டால் கணினியின் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தும் பையில் எடை குறையும். இதற்காக வாளியின் உட்புறத்தில் சிறு சிறு புடைப்புகள் அடித்த தகட்டைப் போடுகிறார்கள். பொருள் தகட்டைத் தொடும் பரப்பு குறையும், ஒட்டலும் குறையும். அதிரும் தட்டுக்குப் பதிலாகத் திருகு வைத்து இழுத்துத் தள்ளும் வகையும், வாளியின் கதவே உட்சுவரை வழித்துவிடும் வகையும் உண்டு. இவை எல்லாமே விலையை ஏற்றும். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி தனித்தனியாக உறையவைத்து, கல்போல ஆனபின் நிறுத்தால் சாதாரண வகையே போதும். உறைநிலைப் பொருள் விற்பவர்களுக்கு அது நல்ல வழி. சிறு கூடத்துக்கு இந்த இயந்திரம் பெரிய முதலீடு, நாள் முழுவதும் ஓட்டும் அளவுக்கு வேலை இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: குழம்பைப் பையில் நிரப்பி வாக்குவம் போட்டுவிட்டால் குளிர்பெட்டி இல்லாமலே மூன்று மாதம் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? – வாசகி, பள்ளத்தூர்

பதில்: தயவு செய்து செய்யாதீர்கள். காற்றை உறிஞ்சிவிட்டால் பூஞ்சை வராது, பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி காற்றில்லாத இடத்தில்தான் வளரும். அதன் வித்துகள் கொதிநீரில் சாகாது. அது உண்டாக்கும் நஞ்சு உயிரை எடுக்கும், வாசனையோ நிறமோ காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. புளிப்பு குறைந்த, அதாவது பி.எச். 4.6க்கு மேலுள்ள கோழி, ஆட்டுக்கறி, பருப்பு, காய்க் குழம்புகளை அறைவெப்பத்தில் வைக்க வேண்டுமானால் ரிடார்ட் என்ற அழுத்தக் கலனில் ஏறக்குறைய 121 டிகிரி வெப்பம் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் இந்தப் பவுச் உணவுகளுக்கு வழிகாட்டியது மைசூரில் உள்ள ராணுவ உணவு ஆய்வகம்.

நிரப்பும் அளவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. எத்தனை நிமிடம் சூடாக்க வேண்டும் என்பதை, பையின் நடுப்பகுதிக்கு வெப்பம் போய்ச் சேரும் நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். 250 கிராமுக்குக் கணக்கிட்ட பையில் 280 கிராம் போட்டால் பை தடித்துவிடும், நடுவில் வெப்பம் போதாமல் போகும். துண்டு பெரிதாக இருந்தாலும் அதே நிலைதான். கூடுதலாகப் போனால் நமக்குத்தானே நஷ்டம் என்று விட்டுவிட முடியாது. ரிடார்ட் செய்பவருக்கு அதிக எடையும் ஆபத்து. தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் நமக்கு அருகில் இருக்கிறது. முதல் பையை விற்கும் முன் அங்கே போய் உங்கள் குழம்புக்கு உரிய நேரத்தைக் கணக்கிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கவுனி அரிசியைச் சிறு கிண்ணங்களில் அடைத்து விற்க ஆசை. கரண்டியிலேயே ஒட்டுகிறது, இயந்திரம் எப்படி எடுக்கும்? – வாசகி, காரைக்குடி

பதில்: ஆறிய கவுனி அரிசியை எடுக்க நினைத்தால் எந்த இயந்திரமும் திணறும். ஆற ஆற மாவுச்சத்து இறுகி, நெய்யும் உறைந்து, மொத்தமும் கட்டியாகிவிடும். சூடாக, நெய் இளகியிருக்கும்போது, துடுப்புகள் மெல்லத் தள்ளிவிடும் ஹாப்பரும் டெஃப்லான் பூசிய வாயும் உள்ள இயந்திரம் ஓரளவு எடுக்கும். ஆனாலும் அழுத்தித் தள்ளும்போது அரிசி மசியும். முழு அரிசி பல்லில் பட்டு உடையும் அந்தப் பதம்தான் கவுனிக்கு அழகு. மசிந்த கவுனியை விற்றால் ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்க மாட்டார்.

நான் சொல்வது வேறு வழி. வேகவைத்தபின் அளப்பதை விட்டுவிட்டு, வேகுமுன் அளந்துவிடுங்கள். ஜப்பானில் கிண்ணச் சோறு விற்பவர்கள் செய்யும் முறை இது. இரவெல்லாம் ஊறி வடிந்த அரிசி உதிரியாக ஓடும். சாதாரணக் குவளை அளவு இயந்திரமே அதைக் கிண்ணத்தில் போட்டுவிடும். அளந்த நீரைப் பம்பு விடும். கிண்ணத்திலேயே ஆவியில் வேகட்டும். வெந்தபிறகு சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் கலந்து மேலே போட்டு, நெய்யை அளந்து ஊற்றுங்கள். சர்க்கரையை முதலிலேயே போடலாமா என்று கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். சர்க்கரை நீரைப் பிடித்துக்கொண்டு அரிசியை வேகவிடாது என்பது நம் ஆச்சிமார்கள் அறிந்ததுதான். ஆவியில் வேகும் கிண்ணம் அந்தச் சூட்டைத் தாங்கும் வகையா என்று விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெந்த அரிசியை வெளியே வைக்காதீர்கள், உடனே குளிர்வித்து 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். சாப்பிடுமுன் சூடாக்கினால் இறுகிய அரிசி மறுபடி இளகும்.

கேள்வி: செட்டிநாட்டு மசாலாப் பொடியை ஆகர் இயந்திரத்தில் 100 கிராம் வைத்து நிரப்புகிறோம். காலையில் 94, மாலையில் 105 என்று வருகிறது. இயந்திரம் பழுதா? – வாசகர், புதுவயல்

பதில்: இயந்திரம் சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் பொடிதான் மாறுகிறது. ஆகர் என்பது திருகு. இத்தனை சுற்று சுற்றினால் இவ்வளவு கொள்ளளவு என்பதே அதன் கணக்கு. புதிதாக அரைத்த பொடியில் காற்று ஏறி உப்பியிருக்கும், எடை குறையும். கிடந்து படிந்த பொடி கனக்கும். பொடியை ஓர் இரவு ஆறவிட்டு, ஒரே மாதிரி சலித்து, ஹாப்பரில் எப்போதும் பாதிக்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கல்பாசி உமிபோல மெல்லியது, சரியாக அரையாவிட்டால் பொடியிலிருந்து பிரிந்து ஒதுங்கும். அதை மிளகோடு சேர்த்து அரையுங்கள்.

கேள்வி: தேன்குழல், சீப்புச் சீடையை நிரப்ப எது நல்லது? – வாசகி, கண்டனூர்

பதில்: கைதான். எவ்வளவு தாழ்ந்த உயரத்திலிருந்து விழுந்தாலும் தேன்குழல் உடையும். அடியில் ஒரு மின்தராசும் அனுபவமுள்ள இருவரும் போதும். சீல் போடுவதற்கு மட்டும் இயந்திரம் வாங்குங்கள்.

கேள்வி: புளிக்காய்ச்சலும் பூண்டு ஊறுகாயும் நிரப்பும் ஹாப்பரில் ஊசிமுனைபோலப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்றுதானே விற்றார்கள்? – வாசகர், திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்

பதில்: உங்களுக்குத் தந்திருப்பது 304 வகையாக இருக்கும். சாதாரண உணவுக்கு அது நல்ல எஃகுதான். ஆனால் உப்பில் உள்ள குளோரைடு, அதிலும் புளிப்போடும் சூட்டோடும் சேர்ந்து, எஃகின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். அதுதான் இந்தப் புள்ளிக் குழி. குழியில் தங்கும் உப்பு மேலும் தோண்டிக்கொண்டே போகும். ஊறுகாய், புளிக்காய்ச்சல், உப்புக்கறி நிரப்புபவர்கள் பொருள் படும் பாகங்களை எல்லாம் 316 வகையில் கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், குளோரைடைத் தாங்குவது அதனால்தான். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஃகு என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். 304, 316 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. இரண்டையும் பிரித்துக் காட்ட மாலிப்டினத்துக்கு நிறம் மாறும் சோதனைச் சொட்டுத் திரவம் உண்டு. விற்பவர் முன்னாலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த விஷயத்தில் நம் ஊரே ஒரு தாய்வீடு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிமான ஆராய்ச்சிக்கும் பெயர்பெற்ற ஆய்வகம். காரைக்குடியில் அப்படியோர் இடம் இருக்கும்போது நம் சுற்றுவட்டாரத்துத் தொழிற்கூடங்களில் எஃகு அரித்து உணவில் கலப்பது எனக்கு மனவேதனை தருகிறது. வேலை முடிந்ததும் ஹாப்பரில் உப்புப் பொருளை விட்டுவைக்காமல் உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். எஃகு நார் கொண்டு தேய்க்காதீர்கள், குளோரின் கலந்த திரவத்தை ஊறவிடாதீர்கள்.

கேள்வி: பையில் எடை எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்? அபராதத்துக்குப் பயந்து நாங்கள் எல்லாப் பையிலும் எட்டு கிராம் கூடவே போடுகிறோம். – வாசகர், கொத்தமங்கலம்

பதில்: 2011ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. 100 முதல் 200 கிராம் வரை உள்ள பொட்டலத்தில் தனிப் பை ஒன்று 4.5 சதவீதம் வரை குறையலாம். 200 முதல் 300 கிராம் வரை 9 கிராம். 300 முதல் 500 கிராம் வரை 3 சதவீதம். ஆனால் பல பைகளை எடுத்து நிறுத்தால் சராசரி, அச்சிட்ட எடைக்குக் குறையக்கூடாது. எனவே எல்லாப் பையிலும் ஒன்பது கிராம் குறைத்துக்கொள்ளலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அது சட்டத்துக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் செய்யும் துரோகம்.

நீங்கள் போடும் எட்டு கிராமைப் பாருங்கள். 250 கிராம் பை ஆயிரம் நிரப்பினால் எட்டுக் கிலோ குழம்பு கணக்கில்லாமல் போகிறது, முப்பத்திரண்டு பைக்கு உரியது. கை முன்பின்னாக ஊற்றுவதால்தான் பயந்து கூடப் போடுகிறீர்கள். பிஸ்டன் மூன்று கிராமுக்குள் நின்றால், அச்சிட்ட எடைக்கு மூன்று கிராம் மேலே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இயந்திரத்தின் விலையைக் கணக்கிடும்போது வேகத்தைவிட இந்த மிச்சத்தை முதலில் எழுதுங்கள். முடிவில் ஒரு சரிபார்ப்புத் தராசும் வேண்டும், அதை ஆண்டுதோறும் முத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணன், நான் ஒரு சமையற்கூடத்தில் குழம்பு ஊற்றும் வேலை பார்க்கிறேன். மணிக்கட்டு வலி தாங்க முடியவில்லை. முதலாளி இயந்திரம் வாங்கப் போகிறார் என்கிறார்கள். வலி போகும், வேலையும் போய்விடுமா? – வாசகி, காரைக்குடி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைத்தான் நான் முதலில் படித்தேன். கனமான கரண்டியைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பி ஊற்றும் வேலை மனித மணிக்கட்டுக்கு ஏற்றது அல்ல. அந்த வேலை இயந்திரத்துக்குப் போகட்டும், போக வேண்டும். மருத்துவரிடம் மணிக்கட்டைக் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் எந்தத் துண்டு தொடை, எது கழுத்து, எந்தப் பையில் எலும்பு மட்டும் சேர்ந்துவிட்டது என்று பார்த்ததும் சொல்லும் கண் இயந்திரத்துக்குக் கிடையாது. ஒரே பையில் இரண்டு கழுத்தும் அடுத்ததில் இரண்டு தொடையும் போனால் தராசு இரண்டையும் சரி என்றே காட்டும். துண்டு போடும் மேசையில் உங்கள் இடம் இருக்கிறது. இதை முதலாளிகள் படிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். இயந்திரம் வந்ததும் ஊற்றியவர்களை அனுப்பிவிட்டுப் புதியவர்களை வைத்த கூடங்களில் வாடிக்கையாளர் புகார் கூடியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். இயந்திரம் பொருத்த ஆள் வரும் நாளில் பக்கத்திலேயே நின்று, அதைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று முதலாளியிடம் கேளுங்கள். பெரிய படிப்பு வேண்டாம். கிளாம்பைத் தளர்த்தினால் நாசில் கையோடு வரும், அடுத்து வால்வு, அடுத்து பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கும். அதன் பள்ளத்தில்தான் மசாலா ஒளிந்துகொள்ளும், மேலே எவ்வளவு தண்ணீர் விட்டாலும் போகாது. நாள்தோறும் வளையத்தை வெளியே எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, கழுவி, காயவைக்க வேண்டும். எண்ணெய் அதிகம் உள்ள குழம்பில் ஈ.பி.டி.எம். என்ற வகை ரப்பர் ஊதிப்போகும். உப்பித் தளர்ந்திருந்தால் முதலாளியிடம் சொல்லி எண்ணெய் தாங்கும் வகையை மாற்றச் சொல்லுங்கள், நீல நிறமாகக் கேளுங்கள். குழம்பில் நீலம் எதுவும் இல்லை, ஒரு துணுக்கு பிய்ந்து விழுந்தாலும் கண்ணில் படும். கழற்றும்போது வளையங்களை எண்ணி ஒரு தட்டில் வையுங்கள், மாட்டும்போது மறுபடி எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அன்று நிரப்பிய பைகளை வெளியே அனுப்பாமல் நிறுத்தச் சொல்லும் பொறுப்பும் அதிகாரமும் உங்களுக்கு வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு உரிய சம்பளத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.